புதிய எழுத்துருவும் போன புள்ளியும்

(காஞ்சிபுரத்தில் அச்சகத்தாரும் நெசவாளரும் மாணவரும் கூடிய கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

யாப்பும் அணியும் பேச வேண்டிய ஆசிரியன் எழுத்துருவைப் பற்றிப் பேச வந்தது ஏன் என நீங்கள் வியக்கலாம். அதற்குக் கரணியம் ஒரு திருமண அழைப்பிதழ்.

சென்ற தைத் திங்களில் ஒரு மாலை, எம் தெருவில் வாழும் நெசவாளப் பெரியவர் ஒருவர், தம் மகள் திருமணத்திற்கு அடித்த அழைப்பிதழ்கள் ஐந்நூற்றையும் கட்டோடு தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்தார். “வாத்தியார் ஐயா, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்” என்றார். அவர் எழுத்தறியாதவர் அல்லர். நாள்தோறும் செய்தித்தாள் படிப்பவர். நான் வாங்கிப் பார்த்தேன். பொன்னிற மையில் கொடியும் சுருளுமாக ஓடிய எழுத்துகள். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தன. ஆயின் படிக்கத் தொடங்கியதும் நாத் தடுக்கியது. ‘மணமக்கள்’ என்னும் சொல்லில் ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி அது னகரமாகத் தோன்றியது. ககரத்தின் மேலிருந்த புள்ளி ஒரு சுருளுக்குள் மறைந்து போயிற்று. ‘பேத்தி’ என்னும் சொல்லில் இரட்டைச் சுழிக் கொம்பும் ஒற்றைச் சுழிக் கொம்பும் ஒன்றுபோல் வளைந்து நின்றன. பெரியவரின் தாயார் எண்பதைக் கடந்தவர். அவ்வம்மையார் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “என் பேத்தியைப் பெத்தி என்று போட்டிருக்கிறார்களே, இது யார் வீட்டுத் திருமணம்?” என்று கேட்டாராம்.

இருவரும் அதை அடித்த அச்சகத்திற்குச் சென்றோம். அச்சகத்தின் பெயர் இங்கு வேண்டா. கணினியின் முன் அமர்ந்திருந்த இளைஞன் என்னிடம் பயின்றவன். எழுந்து நின்று வணங்கிவிட்டு, “ஐயா, இப்போது எல்லாரும் கேட்பது இந்த எழுத்துருவைத்தான். சுவரொட்டியிலும் திரைப்படத் தலைப்பிலும் இதுதான் ஓடுகிறது” என்றான். நான் சினந்து ஏதோ சொன்னேன். அவன் அமைதியாக என்னைப் பார்த்து, “அப்படியானால் எதைப் போடுவது என்று நீங்களே சொல்லுங்கள் ஐயா. எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே” என்றான்.

தோழர்களே, அக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. முப்பது ஆண்டுகளாக எழுத்திலக்கணம் கற்பிக்கும் எனக்கு, அவ்வெழுத்து இன்று எவ்வுருவில் மக்கள் கண்முன் நிற்கிறது என்பது தெரியவில்லை. அவனுக்குச் சொல்லத் தவறிய விடையைத் தேடிக் கற்றுக்கொண்டு இங்கு வந்திருக்கிறேன்.

கல்லில் கண்ட பாடம்

புதிய எழுத்து வடிவம் என்றாலே பகை என்று எண்ணுவோர் நம்முள் சிலர் உளர். அவர்களை நம் ஊர்க் கயிலாயநாதர் கோயிலுக்கு ஒருமுறை அழைக்கின்றேன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் இராசசிம்மன் எடுப்பித்த கற்றளி அது. சுற்று மதிலை ஒட்டிய சிறு சிறு கோயில்களில் அம் மன்னனுடைய பட்டப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் பொறிக்கப்பட்டுள்ளன. அவை வடமொழிப் பட்டங்கள். அது வேறு செய்தி. நான் காட்ட விரும்புவது எழுத்தின் உருவத்தை. அப் பட்டங்கள் ஒரே வகை எழுத்தில் இல்லை. வெவ்வேறு வகை எழுத்துகளில் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டுள்ளன. அவற்றுட் சில, கொடியெனச் சுருண்டும் வளைந்தும் அணிவேலைப்பாடு மிகுந்தவை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்பே நம் ஊர்க் கற்றச்சன் எழுத்துக்கு அணி பூட்டினான்!

இனி அங்கிருந்து அத்தியூர்ப் பெருமாள் கோயிலுக்கு வாருங்கள். அங்கே சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் சுவர் நிறைய உள்ளன. விளக்கெரிக்கக் கொடுத்த கொடை, நிலத்தின் எல்லை, ஊரார் ஏற்ற பொறுப்பு என வாழ்க்கைக்கு வேண்டிய செய்திகளைச் சொல்லுபவை அவை. அங்கே கொடியும் இல்லை, சுருளும் இல்லை. வரிசையான, அடக்கமான எழுத்துகள்.

இவ் விரண்டு சுவர்களும் நமக்குச் சொல்லும் பாடம் ஒன்றே. பெருமை காட்ட ஒரு வடிவம். செய்தி சொல்ல ஒரு வடிவம். தலைப்பில் நிற்கும் எழுத்து வேறு. உள்ளே ஓடும் எழுத்து வேறு. இன்று வடிவமைப்போர் கற்கும் முதற்பாடம் இதுவே. அழைப்பிதழின் முகப்பில் இரண்டு சொல்லைச் சுருள் எழுத்தில் போட்டிருந்தால் யாருக்கும் இடர் இல்லை. மணமக்கள் பெயரையும் நாளையும் இடத்தையும் அதே சுருளில் போட்டதுதான் பிழை.

ஓலையில் இழந்ததும் ஈயத்தில் பெற்றதும்

புள்ளி ஒரு சிறு குறிதானே, அது போனால் என்ன என்பீர்களாயின், நம் முன்னோர் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் வரையறுத்தது. அஃதாவது, புள்ளியிட்டால் குறில், புள்ளியில்லையேல் நெடில் என்பது அன்றைய மரபு. ஆயின் ஏட்டில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை இட்டிலர். எழுத்தாணி ஊன்றினால் ஓலை கிழியும் என்பதனால் விட்டனர் என்பர். விளைவு யாது? ‘எடு’ என்பதும் ‘ஏடு’ என்பதும் ஒன்றாயின. ‘கொடு’, ‘கோடு’ ஒன்றாயின. ‘கண்’ எது, ‘கண’ எது என்று இடம் நோக்கி உணர வேண்டியதாயிற்று. இவை போதா என்று, இன்று நாம் கால் என்று வழங்கும் குறியும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன.

சி. வை. தாமோதரனாரும் உ. வே. சாமிநாதரும் பழந்தமிழ் நூல்களை ஏடுகளினின்று அச்சேற்றியபோது, ஒவ்வோர் அடியிலும் இந்த மயக்கத்தோடு போராடினர். இன்று நம் நூல்களில் காணும் பாட வேறுபாடுகள் பலவற்றிற்கு இக் குறியில்லா எழுத்தும் ஒரு கரணியம். ஒரு புள்ளி இல்லாமையால் ஒரு புலவன் சொன்ன சொல் எது என்பதே ஐயத்திற்கு உரியதாயிற்று.

இம் மயக்கம் தீர்ந்தது எவ்வாறு? குறிலுக்கு ஒற்றைச் சுழிக் கொம்பு, நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு என்னும் பகுப்பைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அமைத்தார் என்பது யாவரும் அறிந்தது. ஆயினும் புள்ளியும் கொம்பும் எல்லார் எழுத்திலும் நிலைபெற்றது அச்சுக்கலை பரவிய பின்னரே. ஈய எழுத்துக்குக் கிழியும் அச்சம் இல்லை அன்றோ!

தமிழ் எழுத்தில் அச்சான நூலாக நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் முதலாவது, 1578-ஆம் ஆண்டு அத்தோபர்த் திங்களில் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’. பதினாறே பக்கங்கள். அன்றிக்கு அடிகளார் ஆக்கியது. பின்னர்ச் சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சகம் அமைத்தபோது, தமிழ் எழுத்துகள் செருமனி நாட்டு ஆலே நகரில் வார்க்கப்பட்டு வந்தன. அவை மிகப் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துப் புதிய ஏற்பாட்டை 1714, 1715 ஆண்டுகளில் அச்சிட்டனர்.

எழுத்து ஏன் பெரியதாயிற்று என்று எண்ணிப் பாருங்கள். ஆங்கில எழுத்தைச் சிறிதாக வெட்டினாலும் அதன் உள்வெளி எளிதில் அடைபடுவதில்லை. நம் ணகரத்துக்கோ மூன்று சுழி. னகரத்துக்கு இரண்டு சுழி. சிறிதாக்கினால் சுழிக்குள் மை புகுந்து அடைத்துவிடும். சுழியைத் திறந்து வைத்துக்கொண்டே எழுத்தைச் சிறிதாக்குவதுதான் தமிழ் எழுத்து வார்ப்போனின் திறமை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் அமெரிக்கன் மிசன் அச்சகத்தை நடத்திய அண்ட்டு என்பார் அத் திறமையால் பெயர் பெற்றார். 1862-இல் வின்சுலோவின் பேரகராதி அவ்வச்சகத்தில்தான் வெளிவந்தது.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1942-இல் அறிஞர் அண்ணா ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கியது இக் காஞ்சியில்தான். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த கைகள் அவ்விதழின் சொற்களைச் சுமந்தன. அக் கைகளுக்கு எழுத்தின் எடை தெரியும். இன்று விரல் தொட்டால் எழுத்து வந்து நிற்கிறது. எடை தெரியாமற் போயிற்று.

வடிவம் மாறலாம்

தமிழ் எழுத்து என்றும் மாறியதே இல்லை என்பார் வரலாறு அறியார். என் வாழ்விலேயே அது மாறியது. தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்புகளில் நான் பழைய ‘லை’யை எழுதக் கற்றேன், யானை துதிக்கையைத் தூக்கி நிற்பது போன்ற வடிவம் அது. ‘னை’யும் ‘ளை’யும் ‘ணை’யும் அவ்வாறே. ‘ணா, றா, னா’ மூன்றும் கால் இல்லாமல் உள்ளே சுருண்டு நிற்கும். 1935-இல் பெரியார் தம் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய திருத்தங்களுள் பதின்மூன்று எழுத்துகளைப் பற்றியவற்றை 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்றது. அதன் பின் எங்கள் பாடநூலில் எழுத்து மாறிற்று. நாங்கள் சில நாளிலேயே பழகிக்கொண்டோம். என் தந்தையாரோ இறுதி வரை துதிக்கை எழுத்தையே எழுதினார். அவர் எழுதிய மடலை நானும், நான் எழுதியதை அவரும் தடையின்றிப் படித்தோம்.

ஏன் தடையில்லை? அத் திருத்தம் எந்த இரண்டு எழுத்தையும் ஒன்றாக்கவில்லை. லை லையாகவே இருந்தது. னா னாவாகவே இருந்தது. உருவம் மாறியது; வேறுபாடு அழியவில்லை. இதுவே நான் சொல்ல வந்ததன் உயிர்நாடி. வடிவம் மாறலாம், வேறுபாடு அழியலாகாது. ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தினின்று பிரிக்கும் புள்ளியையும் சுழியையும் காலையும் கொம்பையும் காப்பாற்றும் எழுத்துரு எத்துணைப் புதியதாயினும் நம்முடையது. அவற்றை விழுங்கும் எழுத்துரு எத்துணை அழகியதாயினும் நம்மைப் பழைய ஓலையின் மயக்கத்திற்கே கொண்டுபோய்த் தள்ளும்.

கணினி தந்த எழுத்துருக்கள்

இனி இன்றைய நிலைக்கு வருவோம். தட்டச்சுப் பொறிக்குத் தமிழை இசைவித்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த முத்தையா. இருக்கும் சில விசைகளுக்குள் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் அடக்க, தட்டினாலும் உருளை நகராத விசையை அமைத்து அதில் புள்ளியை வைத்தார். புள்ளியை விட்டுவிடுவது எளிதாக இருந்தும் அவர் விடவில்லை என்பதைக் கருதுங்கள்.

கணினிக் காலத்தில், 1980-களின் நடுவில், மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். ஆப்பிள் கணினிகளில் உள்ள ‘இணைமதி’ அவர் வரைந்தது. மைக்கிரோசாப்டு நிறுவனம் தன் கணினி இயக்கத்தில் வைத்த தமிழ் எழுத்துருவுக்கோ ‘லதா’ என்று பெயரிட்டது. லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வாராது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? பெயர் கிடக்கட்டும், அதன் புள்ளியும் சுழியும் தெளிவானவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடந்த சில ஆண்டுகளில் விலையின்றி எவரும் எடுத்தாளத்தக்க திறந்த உரிமத்தில் தமிழ் எழுத்துருக்கள் பல வெளிவந்துள்ளன. கூகுள் நிறுவனத்தின் ‘நோட்டோ’ வரிசையில் தமிழுக்கு இரு வகை உண்டு. எந்த மொழி எழுத்தும் வெற்றுக் கட்டமாகத் திரையில் தோன்றலாகாது என்பது அவ் வரிசையின் நோக்கம். பிரியா இரவிச்சந்திரன் வரைந்த எழுத்துரு ஒன்று மெலிந்தது முதல் தடித்தது வரை ஒன்பது தடிமன்களில் கிடைக்கிறது. அதன் பெயர் ‘கட்டமரான்’. நம் கட்டுமரம்தான் ஆங்கிலக் கடலில் மிதந்து உருமாறி நம் கரைக்கே திரும்பியிருக்கிறது! மும்பையைச் சேர்ந்த ‘ஏக் டைப்பு’ குழுவினரின் ‘முக்தா மலர்’ ஏழு தடிமன்களை உடையது. அவர்களே 2022-இல் வெளியிட்ட ‘அனேக்கு’ தடிமனை மட்டுமன்றி அகலத்தையும் வேண்டியவாறு கூட்டிக் குறைக்கத்தக்கது. ‘கவிவாணர்’, ‘பவனம்’ என்னும் இரண்டும் இலங்கையைச் சேர்ந்த தாரிக்கு அசீசு வரைந்தவை. முன்னது கையெழுத்துப் போலச் சாய்ந்தோடுவது.

இவ்வெழுத்துருக்களில் காணும் போக்குகளை மூவகையாகக் கூறலாம். கோடு முழுதும் ஒரே தடிமனாக ஓடுவது ஒன்று. இதனை மேனாட்டுப் போக்கு என்று சிலர் ஒதுக்குவர். எழுத்தாணி ஓலையில் கீறிய கோடு ஒரே தடிமன் உடையதுதானே? ஆகவே அது நமக்குப் பழையதே. தடித்து உருண்ட எழுத்து இரண்டாவது. தலைப்புக்கும் சிறுவர் நூலின் முகப்புக்கும் அது பொருந்தும். சிறிய அளவில் போட்டால் சுழி அடைபடும். கையெழுத்துச் சாயல் மூன்றாவது. வாழ்த்துக்கும் அழைப்புக்கும் ஏற்றது. நீண்ட உரைக்கு ஏலாது. இம் மூன்றையும் பழிக்க ஒன்றுமில்லை. இடமறிந்து இடுதலே வேண்டுவது.

உடையும் உடலும்

இன்னொரு செய்தியைச் சொல்லாமல் மேற்செல்ல இயலாது. எழுத்துரு என்பது உடை. அதற்குள் உடல் ஒன்று உண்டு. அதனைக் குறியேற்றம் என்பர். எந்த எழுத்துக்குக் கணினியில் எந்த எண் என்பதே அது.

முன்பு வந்த எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்குரிய எண்ணில் தமிழ் எழுத்தின் படத்தைப் பொருத்தி வைத்தனர். ‘பாமினி’ அத்தகையது. அதில் ‘அம்மா’ என்று தட்டினால் நம் கண்ணுக்கு அம்மா தெரியும். கணினிக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகள். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மா மறைந்து அக் குறிகளே பல்லிளிக்கும். நான் சில ஆண்டுகட்கு முன் நாற்பது பக்கக் கட்டுரை ஒன்றை அத்தகைய எழுத்துருவில் தட்டிச் சேமித்து வைத்தேன். கணினி மாறிய பின் திறந்தேன். ஒரு சொல் தமிழில்லை. மாற்றித் தரும் மென்பொருளைத் தேடி மீட்டு, மெய்ப்புத் திருத்த எனக்கு ஒரு கோடை விடுமுறை தேவைப்பட்டது.

ஒருங்குறியில் அவ்விடர் இல்லை. 1991-இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அமைந்தது. ஆயின் அதிலும் நமக்கொரு குறையுண்டு. மெய்யும் அகரமும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்பது நம் இலக்கணம். ஒருங்குறியோ ககரத்தை முதலாக வைத்து, அதன் மேல் புள்ளி சேர்த்து மெய்யைப் பெறுகிறது. எல்லா எழுத்துக்கும் தனித்தனி இடம் தரும் பதினாறு துணுக்கு அனைத்தெழுத்துக் குறியேற்றம் இக் குறையைத் தீர்க்க எழுந்தது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது. அதே ஆண்டில், கிரந்தத்துக்கென வகுக்கும் ஒருங்குறித் தொகுதியில் எ, ஒ, ற, ன, ழ என்னும் தமிழ் எழுத்துகளைப் புகுத்தும் முன்மொழிவு எழுந்தபோது தமிழறிஞர் எதிர்த்தனர். 2014-இல் வெளிவந்த கிரந்தத் தொகுதியில் அவ் வைந்தும் இல்லை. விழிப்போடிருந்தால் விளைவு உண்டு என்பதற்கு இது சான்று. குறையிருப்பினும் இன்று உலகெங்கும் தேடவும் படிக்கவும் வழி செய்வது ஒருங்குறியே. ஆதலின் உடை எதுவாயினும் உடல் ஒருங்குறியாக இருக்கட்டும்.

தறி சொன்ன அறிவுரை

இவ்வளவையும் கற்றுக்கொண்டு அந்த நெசவாளப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். “இதற்கா இத்தனை பொத்தகம் படித்தீர்கள் ஐயா? தறியைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்குமே” என்றார்.

முந்தியில் பெயரோ வாழ்த்தோ நெய்து தரக் கேட்டு அவரிடம் வருவோர் உண்டு. முதலில் கட்டத்தாளில் எழுத்தை வரைவார். ஒரு கட்டம் என்பது பாவிழையும் ஊடையும் கூடும் ஓரிடம். அதைப் பார்த்து அட்டையில் துளையிடுவர். சக்கார்டுப் பெட்டியில் அவ்வட்டை ஏறும். துளை உள்ள இடத்தில் பாவிழை எழும். இல்லாத இடத்தில் எழாது. கணினித் திரையும் இதே கணக்குத்தான். பெரியவர் சொன்னார்: “ஐயா, நாங்கள் எழுத்து வரையும்போது முதலில் புள்ளிக்குக் கட்டம் ஒதுக்குவோம்; பிறகு சுழிக்குள் வெற்றிடம் ஒதுக்குவோம்; அதற்குப் பிறகுதான் மற்றக் கோடு. நெய்த பிறகு புள்ளியை எங்கே கொண்டுபோய் வைப்பது?”

நான் தேடிய விடை அதுதான். அதனை விரித்து ஐந்து தேர்வுகளாக உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவது, புள்ளித் தேர்வு. அடித்த தாளைக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு மெய்யின் மேலும் புள்ளி தனித்துத் தெரிகிறதா? பெயர்ப்பலகையாயின் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள்.

இரண்டாவது, சுழித் தேர்வு. மண் – மன், தென் – தேன், தொடு – தோடு, பெறு – பேறு என்னும் சொற்களைத் தட்டி, அடிக்கப்போகும் அளவிலேயே அடித்துப் பாருங்கள். இவற்றைப் படிக்கத் தயங்கினால் அவ்வெழுத்துரு அவ்வளவுக்கு ஆகாது.

மூன்றாவது, இடைவெளித் தேர்வு. நம் எழுத்து மேலே கி, கீ என ஏறுவது; கீழே ழு, ஞு என இறங்குவது. ஆங்கிலத்துக்கு அமைத்த வரியிடைவெளியில் அதனை அடக்கினால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் மோதும். கைப்பேசித் திரைகளில் கொம்பும் விசிறியும் வெட்டுண்டு கிடப்பது இதனால்தான். வரிகளுக்கிடையே தமிழுக்கு வேண்டிய மூச்சைக் கொடுங்கள்.

நான்காவது, கைத் தேர்வு. அவ்வெழுத்தைத் தமிழன் கை எழுதுமா? ஆங்கில எழுத்தின் துண்டுகளை அறுத்து ஒட்டித் தமிழ் எழுத்துப் போலக் காட்டும் வடிவங்கள் இப்போது மிகுந்து வருகின்றன. கன்றின் தோலில் வைக்கோலை அடைத்த பொம்மை அது. பார்வைக்குக் கன்று, உள்ளே உயிரில்லை.

ஐந்தாவது, குறியேற்றத் தேர்வு. தட்டியதை வேறொரு கணினியிலும் கைப்பேசியிலும் திறந்து பாருங்கள். அங்கும் தமிழாக நின்றால் அது ஒருங்குறி.

கடைத்தெருவில் பெயர்ப்பலகைகளைக் காண்கிறோம். தமிழ் முதலிடத்தில் பெரிதாக இருக்க வேண்டும் என்பதும், தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, பிற மொழிக்கு இரண்டு என்பதும் தமிழ்நாட்டு விதி. அதற்காக நாம் போராடுகிறோம், போராட வேண்டும். ஆயின் ஐந்து பங்கு இடத்தையும் பெற்றுக்கொண்டு, அதில் நிற்கும் எழுத்து படிக்க இயலாததாக இருந்தால், வெளியூரிலிருந்து பட்டெடுக்க வரும் தமிழனும் பக்கத்திலுள்ள ஆங்கிலத்தையே படித்துவிட்டு உள்ளே நுழைவான். இடம் நமக்கு, பயன் ஆங்கிலத்துக்கு! இதில் பிறரை மட்டும் குறை கூறேன். தமிழ் விழாவுக்கு நாம் ஒட்டும் சுவரொட்டிகளிலேயே புள்ளி போன எழுத்துகளைக் கண்டிருக்கிறேன். நம் வீட்டை முதலில் பெருக்குவோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். சிறுவர் எழுத்தைக் கற்பது பாடநூலில் மட்டுமன்று, தெருவிலும் கற்கின்றனர். பலகையில் ‘தென்’ என்று தோன்றுவதைத் ‘தேன்’ என்று படிக்கப் பழகிய குழந்தைக்கு, குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு பொருட்டாகத் தோன்றாது. பின்னர் அவன் எழுதும்போது அப் பிழையை நாம் சிவப்பு மையால் வட்டமிடுவோம். அவ் வட்டத்தை இட வேண்டியது பலகையின் மேல்.

அச்சகத் தோழர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் கேட்பதைத்தானே போடுகிறோம் என்னாதீர்கள். பட்டெடுக்க வருவோர் கேட்கும் வண்ணத்தை எல்லாம் நெசவாளர் கொடுப்பார். ஆயின் சாயம் போகும் நூலைக் கொடுக்க மாட்டார். அதுதான் தொழில் அறம். எழுத்து அழகில் அவர்கள் விருப்பம். எழுத்துத் தெளிவில் உங்கள் பொறுப்பு.

இறுதியாக அந்த அழைப்பிதழுக்கு வருகிறேன். என் மாணவன் அதனை மறுபடியும் கோத்தான். முகப்பில் ‘திருமண அழைப்பு’ என்னும் இரு சொல் மட்டும் சுருள் எழுத்தில் நின்றன. மற்றவை தெளிவான எழுத்துருவில் அமைந்தன. தாளின் செலவில் பாதியை அச்சகம் ஏற்றது. பாதியைப் பெரியவர் ஏற்றார். வீணான ஐந்நூறு படிகளின் பின்பக்கத்தில் அவர் தம் தறிக்கணக்கை எழுதி வருகிறார். புதிய அழைப்பிதழை அவர் தாயார் கண்ணருகே பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, தம் பேத்தியின் பெயரைத் தாமே படித்தார்.

எழுத்துரு எதற்காக என்று யாரேனும் உங்களைக் கேட்டால், எண்பது கடந்த கண்ணும் ஆறு வயதுக் கண்ணும் தடுக்காமல் படிப்பதற்காக என்று சொல்லுங்கள். அதற்கு மேல் எத்துணை அழகு சேர்த்தாலும் தமிழ் அதனை வாழ்த்தும்.

 வாழ்க தமிழ்!